இருமல் மருந்தும் கும்பிடும் புத்தியும்

மத்தியப் பிரதேசத்தில் சிந்த்வாரா என்கிற ஜில்லாவில், 2025-ம் வருஷம் செப்டம்பர், அக்டோபர் மாதங்களில், இருபதுக்கு மேற்பட்ட குழந்தைகள் இறந்துபோன சங்கதி நமது வாசகர்கள் அறிந்ததேயாகும். அக்குழந்தைகளில் பெரும்பாலோர் 5 வயதுக்குட்பட்டவர்கள். அவர்களுக்கு வந்தது கொள்ளை நோயல்ல. சாதாரணச் சளி, இருமல், காய்ச்சல். டாக்டர் எழுதிக் கொடுத்தார். பெற்றோர் கடையில் வாங்கினார்கள். தாய்மார்கள் தங்கள் கையாலேயே ஊட்டினார்கள். சில நாட்களில் குழந்தைகளுக்குச் சிறுநீர் நின்றது. சிறுநீரகம் கெட்டது. நாகபுரி ஆஸ்பத்திரி வரையில் கொண்டோடியும் பலர் பிழைக்கவில்லை. ஆகவே அக்குழந்தைகளைக் கொன்றது நோயன்று, மருந்துதான் என்பது இன்று யாரும் மறுக்கமுடியாத விஷயமாகிவிட்டது.

அம்மருந்து எங்கிருந்து போயிற்றென்றால், நமது தமிழ்நாட்டிலிருந்துதான் போயிற்று. காஞ்சிபுரம் ஜில்லா சுங்குவார்சத்திரத்தில் ஸ்ரீசன் பார்மசூட்டிகல் என்கின்ற கம்பெனியார் செய்து அனுப்பிய "கோல்ட்ரிப்" என்னும் இருமல் மருந்து அது. தமிழ்நாட்டு மருந்துப் பரிசோதனைச் சாலையில் அதைச் சோதித்துப் பார்த்ததில், நூற்றுக்கு 48.6 பங்கு டை எத்திலின் கிளைக்கால் என்னும் விஷம் இருந்ததாகக் கண்டார்கள். இருக்கலாமென்று விட்டுவைத்திருக்கும் அளவு நூற்றுக்கு 0.1 பங்கு. அதாவது தற்செயலாகத் தப்பித் தவறி விழுந்த துளியல்ல. பாட்டிலில் ஏறக்குறையப் பாதி விஷம்.

இந்த விஷம் என்ன சரக்கு என்பதைச் சங்ககிரி, நாமக்கல் லாரிக்காரத் தோழர்களுக்கு நாம் அதிகம் விளக்க வேண்டியதில்லை. பிரேக் ஆயில், பெயிண்டு, பிசின் முதலிய தொழிற்சாலைச் சரக்குகளில் சேர்க்கப்படுவது அது. தித்திப்பாயிருக்கும், நிறமில்லை, வாசனையில்லை. காய்ச்சலுக்குக் கொடுக்கும் பாரசிட்டமால் தண்ணீரில் லேசில் கரையாதாகையால், அதைக் கரைக்கப் புரொப்பிலின் கிளைக்கால் என்னும் வேறொரு திரவத்தைச் சேர்ப்பது வழக்கம். அதில் மருந்துக்கென்று சுத்தி செய்த தினுசு ஒன்று, தொழிற்சாலைக்கென்று விற்கும் மலிவுத் தினுசு ஒன்று. மலிவுச் சரக்கில் மேற்படி விஷம் கலந்திருக்கக் கூடும். சோதித்துப் பார்க்காமல் வாங்கி ஊற்றினால் எமன் பாட்டிலுக்குள் குடி வந்துவிடுகிறான். சவ்வரிசியை வெள்ளையாக்க ரசாயனம் கலக்கிறார்களென்று சேலத்து ஆலைகளில் அதிகாரிகள் சோதனை போடும் சங்கதியைப் பார்த்திருக்கிற நமது ஜனங்களுக்கு, தின்கிற தினுசுக்கும் தொழிற்சாலைத் தினுசுக்கும் உள்ள வித்தியாசம் புரியாத விஷயமல்ல.

இனி, இதற்குச் சமாதானம் சொல்ல வருகிறவர்கள் யாரென்று பார்ப்போம். "தலைவிதி" என்பார் ஒருவர். "ஆண்டவன் கணக்கு" என்பார் மற்றொருவர். இந்தக் கணக்கை எழுதிய ஆண்டவனுக்குப் பாரசிட்டமாலைக் கரைக்க எந்தத் திரவம் மலிவென்று தெரிந்திருந்ததா என்று நாம் கேட்கின்றோம். கோட்டை மாரியம்மனுக்கு ஆடி மாதம் கூழ் ஊற்றியவர் பிள்ளையும், ஊற்றாதவர் பிள்ளையும், அம்மனே இல்லையென்பவர் பிள்ளையும் அந்த பாட்டிலைக் குடித்தால் மூன்று பிள்ளைக்கும் சிறுநீரகம் ஒன்றுபோலவே கெடும். விஷத்திற்கு ஜாதியுமில்லை, பக்தியுமில்லை. பரிசோதனைச் சாலைக்காரர்கள் அக்டோபர் தொடக்கத்தில் சோதித்துச் சொன்னதை ஆகஸ்டிலேயே சோதித்துச் சொல்லியிருந்தால் ஆண்டவன் கணக்கு மாறியிருக்குமா இல்லையா?

இது முதல் தடவையாக நடந்த விபத்தாயிருந்தாலாவது போகட்டுமென்று விடலாம். அமெரிக்காவில் 1937-ம் வருஷத்தில் சல்பனிலமைடு என்னும் மருந்தைக் குழந்தைகள் குடிக்கத்தக்க திரவமாக்குவதற்காக ஒரு கம்பெனியார் இதே டை எத்திலின் கிளைக்காலில் கரைத்து, பழ வாசனை சேர்த்து விற்றார்கள். ஒரு எலிக்குக்கூடக் கொடுத்துப் பார்க்கவில்லை. 100 பேருக்கு மேல் மாண்டார்கள். அப்பொழுது அந்நாட்டுச் சட்டப்படி விஷத்தை மருந்தென்று விற்றது குற்றமாகவில்லை. சாராயம் சேராத திரவத்திற்குச் சாராயம் சேர்ந்ததற்குரிய பெயரை வைத்ததுதான் குற்றமாயிற்று! அந்த வெட்கம் தாளாமல் 1938-ல் புதுச் சட்டம் செய்தார்கள். நமது நாட்டிலும் 1940-ல் மருந்துச் சட்டம் வந்தது. வந்து என்ன பிரயோஜனம்? 1972-ல் சென்னையில் 15 குழந்தைகள். 1986-ல் பம்பாய் ஜே.ஜே. ஆஸ்பத்திரியில் 14 பேர். 1998-ல் டில்லிக்கடுத்த குர்காவ் பக்கத்தில் 33 குழந்தைகள். 2019, 2020-ல் ஜம்முவில் பத்துக்கு மேற்பட்ட குழந்தைகள். 2022-ல் ஆப்பிரிக்காவிலுள்ள காம்பியா நாட்டில் சுமார் 70 குழந்தைகள் மாண்டபோது, ஹரியானாவிலிருந்து போன இருமல் மருந்துகளில் இதே விஷம் இருப்பதாக உலக சுகாதார ஸ்தாபனத்தார் உலகத்துக்கே எச்சரிக்கை விட்டார்கள். ஒரே விஷம், ஒரே விதச் சாவு, ஏறக்குறைய 90 வருஷம்! மூன்றாம் தடவைக்கு மேலும் விபத்து என்று சொல்பவன் ஒன்று முட்டாளாயிருக்க வேண்டும், அல்லது பங்காளியாயிருக்க வேண்டும்.

சர்க்கார் யோக்கியதையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். தமிழ்நாட்டு அதிகாரிகள் விஷத்தைச் சீக்கிரத்தில் கண்டுபிடித்து, அக்டோபர் முதல் தேதியே விற்பனையைத் தடுத்தார்கள் என்பதை ஒப்புக்கொள்ளுகின்றோம். ஆனால், அதே அதிகாரிகள் அந்தத் தொழிற்சாலைக்குள் நுழைந்து பார்த்தபோது 350-க்கு மேற்பட்ட குறைகள் இருந்தனவாம். ஒரு குறையா, இரண்டு குறையா? ஒரே இராத்திரியில் முளைத்தவையா அவை? பிள்ளைகள் செத்த பிறகு கண்ணில் பட்ட 350 குறைகளும், பிள்ளைகள் உயிரோடிருந்தபோது எந்தக் கண்ணுக்கும் படாமல் போனதெப்படி? இன்ஸ்பெக்டர்கள் இருவரைத் தற்காலிகமாக வேலையிலிருந்து நீக்கினார்கள்; முதலாளியைக் கைது செய்தார்கள்; லைசென்ஸை ரத்துச் செய்தார்கள். எல்லாம் கருமாதிக்குப் பிறகு நடந்த காரியங்கள். நமது சர்க்கார் ஆஸ்பத்திரிகளுக்கு மருந்து வாங்கித் தருகிற தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் என்பது 1994 முதல் நடந்து வருகிறது. வருகிற மருந்தின் ஒவ்வொரு பேட்சையும் சோதனைச் சாலைக்கனுப்பி, தேறின பின்புதான் ஆஸ்பத்திரிக்கு அனுப்புவது அதன் ஏற்பாடு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் இனாமாக வாங்குகிறவனுக்குள்ள அந்தப் பாதுகாப்பு, காசு கொடுத்துக் கடையில் வாங்குகிறவனுக்கு ஏன் இல்லை?

நிற்க, விஷம் கலந்ததைப் பற்றி மாத்திரம் பேசிவிட்டுப் போவது அரைப் பேச்சேயாகும். அதைவிட முக்கியமான கேள்வி ஒன்றுண்டு. அந்த மருந்து சுத்தமாகவே இருந்திருந்தாலும், அந்தக் குழந்தைகளுக்கு அதை ஏன் கொடுக்க வேண்டும்?

"கோல்ட்ரிப்" என்பதில் மூன்று சரக்குகள்: பாரசிட்டமால், குளோர்பெனிரமின், பினைலெப்ரின். பின்னிரண்டையும் சேர்த்துச் செய்த மருந்தை 4 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குக் கொடுக்கக் கூடாதென்று பாட்டிலின்மேல் அச்சடிக்கும்படி இந்திய மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரி 2023 டிசம்பரிலேயே உத்தரவிட்டாயிற்று. அமெரிக்காவில் 2008-லேயே 2 வயதுக்குட்பட்டவர்களுக்கு இருமல், சளி மருந்து வேண்டாமென்றார்கள். இங்கிலாந்தில் 2009-ல் 6 வயதுக்குட்பட்டவர்களுக்கே கூடாதென்றார்கள். சிந்த்வாரா சாவுகளுக்குப் பின், 2025 அக்டோபர் 3-ந் தேதி மத்திய சுகாதார இலாகாவும், 2 வயதுக்குள் இவை கூடவே கூடாது, 5 வயதுக்குள் பொதுவாகத் தேவையில்லை என்று சுற்றறிக்கை விட்டது. காரணமென்னவெனில், சிறு குழந்தையின் சளிக்கு இம்மருந்துகள் பலன் தருவதாக ருசுவாகவில்லை. தூக்கம், படபடப்பு, மூச்சுத் தடை முதலிய கெடுதிகள் மாத்திரம் உண்டு. ஆகவே, இந்த அறிவின்படி நடந்திருந்தால், பாட்டிலுக்குள் பாதி விஷமிருந்தாலும் அது எந்தக் குழந்தையின் வாய்க்கும் போயிருக்காது. இதை நன்றாய் யோசித்துப் பார்க்கும்படி வாசகர்களைக் கேட்டுக்கொள்ளுகின்றோம்.

மருந்தெழுதிய டாக்டரையும் கைது செய்தார்கள். மூடி திறவாத பாட்டிலுக்குள் விஷமிருப்பதை எந்த டாக்டரும் மோப்பம் பிடித்துச் சொல்ல முடியாது. அந்தக் குற்றம் செய்தவனுடையது, சோதிக்காமல் விட்டவனுடையது. ஆனால், வேண்டாத மருந்தை எழுதுகிற குற்றம் டாக்டர்களுடையதுதான். ஏன் எழுதுகிறார்கள்? இதற்கு நாமும் உடந்தை. ஊசியும் போடாமல், பாட்டிலும் எழுதாமல், "இது தானாகவே போய்விடும், தாய்ப்பால் கொடு, மூச்சைக் கவனி" என்று சொல்லியனுப்புகிற டாக்டரை, "இவருக்கு ஒன்றும் தெரியவில்லை" என்று சொல்லி மறுநாளே வேறு டாக்டரிடம் போகிறவர்கள் நம்மில் எத்தனை பேர்? கோயிலில் குருக்கள் உத்தரணியால் தீர்த்தம் ஊற்றும்போது, இது எந்தக் கிணற்றுத் தண்ணீர், எத்தனை நாளையது என்று கேட்காமல் கை நீட்டிக் குடித்துக் கண்ணில் ஒற்றிக்கொள்ளுகிறோமல்லவா? அதே கையைத்தான் மருந்துக் கடை முன்னும் நீட்டுகிறோம். குருக்கள் மாறினார், கும்பிடும் புத்தி மாறவில்லை.

நமது சேலம், நாமக்கல் பக்கத்துக் கிராமங்களில் நடப்பதையும் மறைப்பதற்கில்லை. குழந்தைக்குச் சளி பிடித்துச் சாப்பிடாமலிருந்தால் "தொக்கம் விழுந்துவிட்டது" என்று தூக்கிக்கொண்டு போவதும், அங்கே ஒருவர் ஊதியும் நீவியும் ஒரு துணுக்கைக் கையில் காட்டி "இதோ சிக்கின சோறு" என்பதும், பச்சைக் குழந்தையின் மூக்கிலும் வாயிலும் எண்ணெய் விட்டுச் சளியை இறக்குவதும், தாயத்துக் கட்டுவதும், சில இடங்களில் வயிற்றில் சூடு போடுவதும் இன்னும் ஒழிந்தபாடில்லை. மூக்கில் விட்ட எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கினால் சளி குறைவதற்குப் பதில் நிமோனியாவே உண்டாகும். பிறந்த பிள்ளைக்குச் சேனை வைக்கிறோமென்று தேன் தடவுவதும் ஆபத்தே. ஒரு வயது நிறையும் முன் தேன் கூடாது. ஒரு வயதுக்குமேல் இருமலுக்குக் கொஞ்சம் தேன் கொடுத்தால் இதமாயிருக்கும். கடை பாட்டிலைவிட அதற்கு ஆதாரமுமிருக்கிறது. பழையதெல்லாம் பொய், புதியதெல்லாம் மெய் என்பது நமது கட்சியல்ல. எதையும் சோதித்துப் பார் என்பதுதான்.

அப்படியானால் சளிக்கு என்னதான் செய்வது என்று கேட்கலாம். சாதாரணச் சளியென்பது கண்ணுக்குத் தெரியாத வைரஸ் கிருமிகளால் வருவது. ஒரு வாரம் பத்து நாளில் தானே அடங்கும். இருமல் மட்டும் இரண்டு மூன்று வாரம் இழுத்தாலும் இழுக்கும். ஆன்ட்டிபயாட்டிக் என்று சொல்லப்படுகிற மருந்துகள் வைரஸை ஒன்றும் செய்யமாட்டா. அண்ணன் குடித்து மீந்த பாட்டிலைத் தங்கைக்கு ஊற்றுவதும், கடைக்காரரைக் கேட்டு இரண்டு வேளைக்கு வாங்கிக் கொடுத்து நிறுத்துவதும், நாளைக்கு மெய்யாகவே வேண்டியபோது அம்மருந்து வேலை செய்யாமலிருக்க இன்றைக்கே வழி செய்வதாகும். தாய்ப்பாலும், பெரிய குழந்தையானால் வெதுவெதுப்பான தண்ணீரும் கஞ்சியும், அடைத்த மூக்கை உப்புநீர்ச் சொட்டால் துடைப்பதுமே போதும்.

ஆனால், சளி என்று நினைத்திருந்தது நிமோனியாவாயிருந்தால் சும்மாயிருப்பது கொலையாகும். இதைக் கண்டுபிடிக்க ஜோசியரும் வேண்டாம். ஒரு கடிகாரம் போதும். குழந்தை அழாமல் அமைதியாயிருக்கும்போது சட்டையைத் தூக்கி, மூச்சு எத்தனை தடவை ஏறி இறங்குகிறதென்று ஒரு முழு நிமிஷம் எண்ண வேண்டும். 2 மாதத்திற்குட்பட்ட குழந்தைக்கு 60-ம் அதற்கு மேலும், 2 மாதம் முதல் ஒரு வயது வரை 50-ம் மேலும், ஒரு வயது முதல் 5 வயது வரை 40-ம் மேலும் இருந்தால் அது வேக மூச்சு. அன்றைக்கே டாக்டரிடம் போக வேண்டும். மூச்சு இழுக்கும்போது விலாவின் கீழ்ப்பாகம் உள்ளே குழிந்தாலும், பால் குடிக்க முடியாமற் போனாலும், குடித்ததெல்லாம் வாந்தியானாலும், வலிப்பு வந்தாலும், எழுப்ப எழுப்பத் துவண்டு கிடந்தாலும் ஒரு நிமிஷமும் தாமதிக்காமல் 108-க்குச் சொல்லி ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். 2 மாதத்திற்குட்பட்ட குழந்தைக்குக் காய்ச்சலென்றாலே வீட்டு வைத்தியம் கூடாது. நிமோனியாவென்று டாக்டர் முடிவு செய்தால் அமாக்சிசிலின் என்னும் மலிவான மருந்தே பெரும்பாலும் கேட்கும். அதைக் குழந்தையின் எடையைப் பார்த்து எழுத வேண்டும். எழுதின நாள் வரைக்கும் நிறுத்தாமல் கொடுக்க வேண்டும்.

இந்த எடையென்னும் விஷயத்தில்தான் நமது ஜனங்கள் மிகவும் ஏமாந்துபோகிறார்கள். பாரசிட்டமாலையே எடுத்துக்கொள்வோம். ஒரு வேளைக்கு ஒரு கிலோ எடைக்கு 10 முதல் 15 மில்லிகிராம்; வேளைக்கு வேளை 4 முதல் 6 மணி நேரம் இடைவெளி; ஒரு நாளைக்கு 4 தடவைக்கு மேல் கூடாது. 10 கிலோ குழந்தைக்கு அதிகம் போனால் 150 மில்லிகிராம். கடையிலோ ஒரே மருந்து பலவித கனத்தில் விற்கிறது. 5 மில்லியில் 250 மில்லிகிராம் உள்ள பாட்டிலானால் 3 மில்லி; 5 மில்லியில் 125 உள்ளதானால் 6 மில்லி; சொட்டு மருந்தென்று விற்பதில் ஒரு மில்லியிலேயே 100 மில்லிகிராம் இருப்பதால் ஒன்றரை மில்லிதான். "எல்லாம் ஒரே மருந்துதானே" என்று அந்தச் சொட்டு மருந்தில் ஒரு கரண்டி, அதாவது 5 மில்லி, ஊற்றினால் 500 மில்லிகிராம் உள்ளே போகிறது. மூன்று மடங்குக்கு மேல்! போதாதற்குச் சளி மருந்தென்று கொடுக்கிற இன்னொரு பாட்டிலிலும் அதே பாரசிட்டமால் ஒளிந்திருக்கிறது. ஈரல் கெட இதைவிடச் சுருக்கு வழி வேண்டியதில்லை. பாட்டிலோடு வரும் அளவுக் குப்பியையோ, ஊசியில்லாத மருந்துக் குழலையோ விட்டு அடுப்பங்கரைக் கரண்டியை எடுப்பதும் இந்தத் தப்பைச் சேர்ந்ததே.

நாமக்கல்லில் கோழிப் பண்ணை வைத்திருக்கிற நமது தோழர்களைப் பார்த்து ஒரு கேள்வி கேட்கின்றோம். கோழிகள் இரண்டு தும்மினால் என்ன செய்கிறீர்கள்? கால்நடை டாக்டரைக் கூப்பிடுகிறீர்கள். செத்த கோழியை அறுத்துப் பார்க்கச் சொல்லுகிறீர்கள். நாமக்கல் கால்நடைக் கல்லூரிக்கு மாதிரி அனுப்புகிறீர்கள். தீவனத்தில் டன்னுக்கு எத்தனை கிராம், தண்ணீரில் லிட்டருக்கு எத்தனை மில்லி என்று கணக்குப் போட்டுத்தான் மருந்து கலக்குகிறீர்கள். ஏனென்றால் அதில் லாப நஷ்டமிருக்கிறது. அதே பண்ணைக்காரர் தம் பிள்ளை இருமினால், கடைக்குப் போய் "சளிக்கு நல்லதாக ஒரு பாட்டில் கொடுங்க" என்கிறார்! அங்கே எடையுமில்லை, கணக்குமில்லை, சோதனையுமில்லை. கோழிக்குச் செய்கிற மரியாதையைத்தான் குழந்தைக்கும் செய்யச் சொல்லுகிறோம். அதற்கு மேல் நாம் ஒன்றும் கேட்கவில்லை.

இதில் தாய்மார்கள் நிலைமை மிகவும் பரிதாபகரமானது. இரவெல்லாம் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு அதன் மூச்சைக் கேட்கிறவள் அவள். ஆனால், தொக்கம் எடுப்பதா, டாக்டரிடம் போவதா என்று தீர்மானிப்பவர்கள் மாமியாரும் புருஷனும். டாக்டர் முன்னும் புருஷன் பேசுகிறார்; அவளைப் பேசவிடுவதில்லை. பாட்டிலின்மேல் அச்சடித்திருப்பதைப் படிக்கத் தெரிந்த பெண், இந்த மருந்தின் பெயரென்ன, எதற்காக, எத்தனை மில்லி, எத்தனை நாள், கொடுக்காவிட்டால் என்னவாகும் என்று நிமிர்ந்து கேட்கும் பெண் வீட்டிலிருந்தால், அந்த வீட்டுக் குழந்தைக்கு அதைவிடப் பெரிய காவல் வேறில்லை. அப்படிக் கேட்பதை மரியாதைக் குறைவாக நினைக்கிற டாக்டரிடம் மறுபடியும் போக வேண்டிய அவசியமும் இல்லை.

வருமுன் காப்பதைப் பற்றியும் ஒரு வார்த்தை. நிமோனியா உண்டாக்கும் கிருமிகளில் இரண்டிற்குத் தடுப்பூசி நமது சர்க்கார் இனாமாகவே போடுகிறது. ஹிப் என்பதற்குள்ள தடுப்பு 2011 டிசம்பர் முதல் ஐந்து நோய்த் தடுப்பூசியிலும், நிமோகாக்கஸ் என்பதற்குள்ளது 2021 முதல் தனியாகவும் தமிழ்நாட்டில் போடப்பட்டு வருகின்றன. நாள் நட்சத்திரம் பார்த்து இந்த ஊசிகளைத் தள்ளிப்போடுகிறவர்களும் இருக்கிறார்கள். கிருமி பஞ்சாங்கம் பார்ப்பதில்லை.

1944-ல் நமது இயக்கம் திராவிடர் கழகமென்று பேர் மாற்றிக்கொண்ட ஊர் சேலம். அந்த ஊர்த் தோழர்களுக்கும், ஆத்தூர், ஓமலூர், எடப்பாடி, ராசிபுரம், திருச்செங்கோடு பக்கத்துத் தோழர்களுக்கும் நாம் ஒரு வேலை சொல்லுகின்றோம். மார்கழி, தை மாதக் குளிரில் குழந்தைகளுக்குச் சளி அதிகம். அந்த இரண்டு மாதத்தில் போடும் கூட்டங்களில் மேடைக்குப் பக்கத்தில் ஒரு எடை பார்க்கும் தராசும், ஒரு கடிகாரமும், மில்லிக் கோடு போட்ட மருந்துக் குழல்கள் சிலவும் வைக்கட்டும். வருகிற தாய்மார்களுக்குக் குழந்தையின் எடையைச் சீட்டில் எழுதிக் கொடுத்து, மூச்சு எண்ணும் விதத்தைக் காட்டட்டும். உள்ளூர் ஆரம்ப சுகாதார நிலையத்து நர்ஸ் ஒருவரை அழைத்து உட்கார வைத்துக்கொண்டால் இன்னும் நல்லது. வீட்டில் மீந்து கிடக்கும் இருமல் மருந்து பாட்டில்களைக் கொண்டுவரச் சொல்லி, அவற்றின்மேல் என்ன எழுதியிருக்கிறதென்று கூட்டத்தில் உரக்கப் படிக்கட்டும். எந்தெந்த ஊரில் நடத்தினார்கள், எத்தனை குழந்தைகளை எடை பார்த்தார்கள் என்று நமக்கு எழுதினால் இப்பத்திரிகையில் பிரசுரிக்கின்றோம்.